மீன் வாயைத் திறந்து பார்த்தவள்

மீனைக் கண்டால் நாக்கில் நீர் ஊறுகிறவர்கள் உண்டு. மூக்கைப் பொத்திக்கொண்டு எதிர்ச்சாரிக்குப் போகிறவர்களும் உண்டு. மீனின் வாயை இரண்டு விரலால் பிளந்து, உள்ளே எட்டிப் பார்த்து, "பிள்ளையெல்லாம் சொகமா இருக்கா?" என்று விசாரித்த பிறவி இந்தப் பூமியில் ஒன்றே ஒன்றுதான். அந்தப் பிறவியோடு இரண்டு வருஷம் ஒரே அறையில் குடியிருந்தவள் நான்.

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த அழகான பெயர் ஒன்று உண்டு. வகுப்பு வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. விடுதியில், பல்கலைக்கழகத்தில், குளச்சல் கடற்கரையில், ஏன், கடைசியில் எங்கள் வீட்டு அடுக்களையில்கூட அவள் 'கெளுத்தி'தான்.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகிவிட்ட, எங்கள் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு இன்னும் சேர்ந்திராத காலம். மேல்படிப்பு என்றால் திருவனந்தபுரத்துக்குத்தான் பஸ் ஏற வேண்டும். எம்.எஸ்ஸி. விலங்கியலில் நாங்கள் நாலே பேர். அதில் பெண்கள் இரண்டு பேர்: கோட்டாற்றில் சைவக் குடும்பத்தில் பிறந்த நான், அருமனை ரப்பர் தோட்டத்திலிருந்து வந்த அவள். பேராசிரியர் ஆளுக்கொரு ஜீவனை ஆய்வுக்கென்று பிரித்துக் கொடுத்தார். எனக்குக் கரப்பான் பூச்சி. அவளுக்குக் கடல் கெளுத்தி.

எனக்கு அழுகை வந்தது. அவளுக்குச் சிரிப்புக் கொள்ளவில்லை. அதுவரை கடலையே இரண்டு தடவைதான் பார்த்திருந்தாள். நீச்சல் தெரியாது. முழங்காலுக்கு மேல் தண்ணீர் வந்தால் சாமி பெயர்களை வரிசையாகச் சொல்ல ஆரம்பித்துவிடுவாள்.

அந்தக் கெளுத்தியின் கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது எதுவும் விளங்காது. பெண் கெளுத்தி முட்டை இட்டுவிட்டுத் தன் வழியே போய்விடும். ஆண் அத்தனை முட்டையையும் வாயில் வாங்கிக்கொள்ளும். முட்டை ஒவ்வொன்றும் நெல்லிக்காய் அளவு. முப்பது, நாற்பது முட்டையை வாயில் அடைத்துக்கொண்டு, குஞ்சு பொரிந்து தானாக நீந்திப் போகும் வரை வாரக்கணக்கில் அப்படியே அலையும். அத்தனை நாளும் அது பட்டினி என்று சொல்வார்கள். எங்கள் பேராசிரியர் இதை வகுப்பில் சொல்லும்போது, "தியாகம்!" என்பார். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அந்தப் பட்டினி நம் கரையோரக் கெளுத்திக்கும் உண்டா என்று பார்ப்பதுதான் அவள் வேலை.

நெல்லிக்காய் அளவு என்றேன் அல்லவா? விடுதியில் முதல் கலவரம் அதனால்தான் வந்தது.

அவள் அம்மா அருமனையிலிருந்து பீங்கான் பரணியில் உப்பு நெல்லிக்காய் கொடுத்தனுப்புவாள். அது தீர்ந்ததும் அதே பரணியைக் கழுவி, பார்மலின் ஊற்றி, கெளுத்தி முட்டைகளைப் போட்டு வைத்திருந்தாள் இவள். எங்கள் வார்டன் அம்மாவுக்கு ஒரு பழக்கம். அறைச் சோதனை என்று வந்து, ஊரிலிருந்து யாருக்கு என்ன பலகாரம் வந்திருக்கிறது என்று சோதிப்பார். ஜலதோஷத்தில் மூக்கடைத்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கையில் தயிர்ச்சோற்றுக் கிண்ணத்தோடு வந்தார். பரணியைத் திறந்தார். கரண்டியால் ஒன்றை எடுத்துச் சோற்றின் மேல் வைத்தார்.

"நல்லா ஊறியிருக்குதே," என்றார்.

நான் கட்டிலில் உறைந்துபோய்விட்டேன். அப்போதுதான் குளித்துவிட்டு வந்த கெளுத்தி வாசலிலிருந்தே அலறினாள்: "அம்மா, தின்னாதியோ! அதுக்குக் கண்ணு வச்சாச்சு!"

வார்டன் அம்மா கிண்ணத்துக்குள் பார்த்தார். முட்டைக்குள்ளிருந்து இரண்டு கருப்புப் புள்ளிகள் அவரைப் பார்த்தன. அன்றைக்குக் கை நழுவி விழுந்த கிண்ணத்தின் சத்தம் மாடியில் கேட்டதாகச் சொன்னார்கள். அதன்பிறகு எங்கள் அறையை மட்டும் அவர் வெளியில் நின்று, கதவைத் தொடாமல், "எல்லாம் சரிதானே?" என்று கேட்டுச் சோதித்தார். மற்ற பெண்கள் தங்கள் முறுக்கு, அதிரசம் எல்லாவற்றையும் எங்கள் அறையில் கொண்டுவந்து வைத்தார்கள். விடுதியிலேயே பத்திரமான இடம் அதுதான்.

கெளுத்தி என்ற பெயரைச் சூட்டியது குளச்சல் பிலோமினா அக்கா. ஓண விடுமுறைக்கு இவள் கருங்கலில் தன் சித்தி வீட்டில் வந்து தங்குவாள். துணைக்கு என்னையும் இழுத்துக்கொள்வாள். காலையில் முதல் பஸ்ஸில் குளச்சல். பிலோமினா அக்கா அங்கே ஏலத்தில் மீன் எடுத்துக் கருங்கல் சந்தையில் விற்கிறவள். அவள் எடுத்து வைத்த கூடையில் இவள் கேட்காமல் கொள்ளாமல் கையை விட்டு, ஒவ்வொரு மீனாக வாயைப் பிளந்து பார்த்தாள்.

"ஏட்டி, ஆருட்டி நீ? மாட்டுக்குப் பல்லு பாக்குத மாதிரி மீனுக்குப் பாக்குத?"

"முட்டை இருக்கான்னு பாக்குதேன் அக்கா."

"முட்டை வயித்துலல்லா இருக்கும்?"

"இது ஆம்பிளை அக்கா. ஆம்பிளைக்கு வாயில இருக்கும்."

பிலோமினா அக்கா இவளை மேலும் கீழும் பார்த்தாள். பாவம், நல்ல வீட்டுப் பிள்ளை, புத்தி பிசகிவிட்டது என்று முடிவு செய்தது முகத்தில் தெரிந்தது. கரையில் பிறந்தவளுக்குக் கெளுத்தி வாயில் முட்டை இருப்பது தெரியாததல்ல. தாய்தான் சுமக்கிறாள் என்று அத்தனை நாளும் நினைத்திருக்கிறாள். இவள் மணலில் உட்கார்ந்து, ஒரு மீனின் வயிற்றைக் கீறி, அது ஆண்தான் என்று காட்டி, முழுக்கதையையும் சொன்னாள். கேட்டு முடித்த பிலோமினா அக்கா கூடையைப் போட்டுவிட்டுச் சிரித்தாள். சிரித்துச் சிரித்து மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஏ பிள்ளேளா, இஞ்ச வாருங்கட்டி! ஆம்பிளையாம், வாய மூடிக்கிட்டுப் பிள்ளையப் பாக்குதானாம்! சோறும் கேக்க மாட்டானாம்! எனக்க மாதாவே, இத்தன காலம் இவனையா கொழம்பு வச்சுத் தின்னோம்!"

அன்றிலிருந்து கடற்கரைப் பெண்கள் எல்லோரும் அவள் கட்சி. "கெளுத்தி வந்தாச்சா?" என்று கேட்டுத்தான் ஏலம் ஆரம்பிக்கும். முட்டை வைத்த மீன் எது வந்தாலும் அவளுக்கென்று தனியே ஒதுக்கினார்கள்.

சாயங்காலம் என்னோடு கோட்டாற்றுக்கு வரும் நாட்களில் என் அம்மா அவளைக் கிணற்றடியைத் தாண்டி வரவிடமாட்டாள். நாலு வாளி ஊற்றிக் குளித்து, சீயக்காய் தேய்த்து, மறுபடி நாலு வாளி. "இன்னும் வாடை போகல்லியே மக்கா," என்பாள் அம்மா. "அது எனக்க வாடையாக்கும் அத்தே," என்பாள் இவள் கூசாமல்.

உயிருள்ள கெளுத்தி ஒன்றையாவது ஆய்வுக்கூடத் தொட்டியில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை வந்தது. மண்ணெண்ணெய்த் தகரத்தின் மேல்பக்கத்தை வெட்டி, கடல்தண்ணீர் நிரப்பி, முட்டை வைத்த ஆண் ஒன்றைப் போட்டு, வாழையிலையால் மூடி, திருவனந்தபுரம் போகக் குளச்சலில் பஸ் ஏறினோம்.

"என்னம்மா அது?" என்றார் கண்டக்டர்.

"மீன்."

"சந்தை மீனெல்லாம் உள்ள ஏத்தப்பிடாது."

"சந்தை மீனில்ல அண்ணாச்சி. இது படிக்க மீன்."

"மீனு படிக்குதா?"

"நான் படிக்குதேன். மீனு கூட வருது."

கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு முன்னால் போய்விட்டார். தக்கலை தாண்டியதும் ஒரு மாட்டுக்காக டிரைவர் சடாரென்று பிரேக் போட்டார். தகரம் சாய்ந்தது. தண்ணீர் பாதி போயிற்று. அப்பன் மீன் பயந்துபோய், வாயில் வைத்திருந்த அத்தனையையும் ஒரே துப்பாகத் துப்பிவிட்டது.

அந்தச் சாலையை அறிந்தவர்களுக்குத் தெரியும், ஏற்றமும் இறக்கமுமாகவே போகும். ஏற்றத்தில் முட்டைகள் எல்லாம் கோலிக்குண்டு மாதிரி பின் சீட்டுக்கு உருண்டன. இறக்கத்தில் டிரைவரின் காலடிக்கு வந்தன. கெளுத்தி பஸ்ஸின் நடுவில் மண்டியிட்டுக் கத்தினாள்: "ஆரும் காலைக் கீழ வைக்காதியோ! எல்லாம் உயிராக்கும்!"

அந்தக் குரலில் ஏதோ இருந்தது. ஒரு பஸ் நிறைய ஜனம் அப்படியே காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தது. வேட்டி கட்டிய பெரியவர்கள், தேங்காய் வியாபாரிகள், கைக்குழந்தைக்காரிகள், செபமாலை உருட்டிக்கொண்டிருந்த ஒரு கன்னியாஸ்திரி, எல்லோரும். குழித்துறை வரை ஒரு கால்கூடத் தரையில் படவில்லை. அவள் எல்லாவற்றையும் பொறுக்கி எண்ணினாள். கரையில் வாயைத் திறந்து எண்ணி வைத்த கணக்குக்கு ஒன்று குறைந்தது. முன்சீட்டுப் பெரியவர் ஒருவர் மூடியிருந்த கையை மெல்லத் திறந்தார். "தெறிச்சு எனக்க மடியில விழுந்துச்சு பிள்ளே. வெயிலு தட்டாம வச்சிருக்கேன்," என்றார்.

அந்த மீன் திருவனந்தபுரத்தில் மூன்று நாள் உயிரோடிருந்தது. துப்பிய முட்டையைத் திரும்ப வாயில் எடுக்கவேயில்லை. அவளும் அந்த மூன்று நாள் தொட்டியை விட்டு நகரவில்லை.

இரண்டாம் வருஷம்தான் உண்மையான சிக்கல் வந்தது. அதுவரை அவள் கீறிப் பார்த்த அப்பன் மீன்களின் இரைப்பை எல்லாம் காலி. ஆய்வேடு தயார் என்றே நினைத்தோம். ஒருநாள் ஆய்வுக்கூடத்தில் நான் கரப்பான் காலை எண்ணிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து, "பாவி," என்று ஒரு குரல். திரும்பினேன். கத்தரியும் கையுமாக நின்றாள், கண்ணில் தண்ணீர்.

"தின்னிருக்கான்ட்டி. சொந்தப் பிள்ளையத் தின்னிருக்கான்."

இரைப்பைக்குள் முட்டை. பாதி செரித்து, கூழாகக் கிடந்தது. பழைய சீசாக்களை எல்லாம் இறக்கி, கீறாமல் வைத்திருந்தவற்றையும் கீறினாள். இன்னும் இரண்டில் இருந்தது. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. வீட்டில் எழவு விழுந்தவள் மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். மறுநாள் எழுந்து, தலைவாரி, ஆய்வேட்டில் எழுதிவிட்டாள்: சில ஆண் மீன்கள் முட்டையை விழுங்குகின்றன.

பேராசிரியர் அந்தப் பக்கத்தைப் படித்தபோது நானும் அங்கே இருந்தேன். கெட்ட மனிதர் அல்ல. ஆனால் இத்தனை வருஷமாகக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துச் சொன்ன கதை. "வலையில் மாட்டிய பயத்தில் விழுங்கியிருக்கும். இந்த வரி வேண்டாம், எடுத்துவிடு," என்றார்.

"பயத்துல விழுங்கினா நல்ல முட்டையும் உயிரு வைக்காத கெட்ட முட்டையும் கலந்துல்லா சார் இருக்கணும்?"

"கலந்து இல்லையா?"

"கூழாக் கெடக்கு. தெரியல்ல சார்."

"தெரியாததை எழுதக்கூடாது. செரிக்காத முட்டை கொண்டுவந்து காட்டு. இல்லையென்றால் இந்த வரியோடு நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

கையெழுத்து இல்லாவிட்டால் பட்டம் இல்லை. வரியை எடுத்துவிடு என்று நானும் கெஞ்சினேன். "எடுத்துட்டா பட்டம் கிட்டும். பொறவு அந்த மீனுக்க மொகத்துல நான் எப்பிடிட்டி முழிப்பேன்?" என்றாள்.

முட்டை சீசன் முடிகிற நேரம். பூசை விடுமுறைக்குக் கருங்கல் போனோம். ஒரு வாரம் குளச்சலில் கெளுத்தியே படவில்லை. இதற்கிடையில் அவள் அப்பா ஒரு சம்பந்தம் பேசி வைத்திருந்தார். மாப்பிள்ளைக்குத் திருவனந்தபுரத்தில் சர்க்கார் உத்தியோகம். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குச் சித்தி வீட்டுக்குப் பெண் பார்க்க வருகிறார்கள். வெள்ளி காலையிலேயே இவளுக்குச் சித்தி தாமரைச் சிவப்பில் பட்டுச்சேலை கட்டி, தலைநிறையப் பிச்சிப்பூ வைத்துவிட்டாள். நானே கண்பட்டுவிடும் என்று நினைத்தேன். அவ்வளவு அழகாக இருந்தாள்.

பத்து மணி இருக்கும். தெருவில் பிலோமினா அக்காவின் குரல் இடி மாதிரி விழுந்தது.

"கெளுத்தீ! ஏ கெளுத்தீ! கரை நெறையக் கெடக்குட்டி உனக்க ஆளுவ! எல்லாத்துக்கும் வாய் நெறஞ்சிருக்கு!"

இவள் என்னைப் பார்த்தாள்.

"ஏட்டி, வேண்டாம். மூணு மணிக்கு வாறாங்க," என்றேன்.

"மூணு மணிக்குத்தானே?"

சித்தி அடுக்களையில் கேசரி கிண்டிக்கொண்டிருந்தாள். நாங்கள் புறவாசல் வழியாகப் போய்ப் பஸ் பிடித்துவிட்டோம்.

குளச்சல் கரையில் வெள்ளி கொட்டியது போலக் கெளுத்தி. இவள் பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மணலில் உட்கார்ந்தாள். பெண்கள் வரிசையாக நின்று மீனின் வாயைத் திறந்து கொடுக்க, இவள் வயிற்றைக் கீறினாள், நான் எழுதினேன். கரப்பானைத் தவிர எதையும் தொடாத சைவப் பெண் நான்; அன்றைக்கு என் நோட்டிலும் கையிலும் நெற்றியிலும் மீன் செதில். கெளுத்திக்குச் செதில் கிடையாது என்று அவள் திருத்தினாள். அது வேறு மீன்காரியின் கூடையிலிருந்து வந்ததாம்.

காலி, காலி, காலி. பிறகு ஒன்றில் இருந்தது. விழுங்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும், முழுசாக இருந்தது. பிளந்து பார்த்தாள். கண் இல்லை, இரத்த நாளம் இல்லை, உள்ளே வெறும் கலங்கல். கெட்ட முட்டை. அதே மீனின் வாயிலிருந்த மற்றவை எல்லாவற்றிலும் கருப்புக் கண் இரண்டு பளிச்சென்று இருந்தது. அடுத்ததிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். "நல்லதை ஒண்ணுகூடத் தொடல்லட்டி," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மூன்று மணி எப்போதோ போயிருந்தது. கார் வந்து நின்ற சத்தம் எங்களுக்குக் கேட்கவில்லை. கேட்டது அவள் அப்பாவின் குரல்தான். ஆறடி உயரம், முறுக்கு மீசை, தோட்டத்தில் அவர் தும்மினால் வேலைக்காரர்கள் கத்தியைக் கீழே வைத்துவிடுவார்களாம். பின்னால் மாப்பிள்ளையும், மாப்பிள்ளையின் மாமாவும். பெண் எங்கே என்று அவர்கள் கேட்க, மறைக்கத் தெரியாத சித்தி, "குளச்சலுக்கு மீன் பாக்கப் போயிருக்கா," என்று சொல்லிவிட்டிருக்கிறாள்.

"எந்திரிட்டி!" என்று கர்ஜித்தார் அப்பா.

இவள் நிமிரவேயில்லை. "அப்பா, இதை இத்திரி நேரம் பிடியுங்கோ," என்று கீறாத மீன் ஒன்றை அவர் பக்கம் நீட்டினாள். நீட்டியதை வாங்குவது மனித சுபாவம். அவரும் வாங்கிவிட்டார். அது இன்னும் சாகவில்லை. ஒரு துள்ளுத் துள்ளி, முதுகு முள்ளை அவர் உள்ளங்கையில் இறக்கியது.

கெளுத்தியின் விஷ முள் குத்தினால் என்ன ஆகும் என்று கடற்கரைக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். அந்த ஆறடியும் மணலில் சாய்ந்தது. அவர் போட்ட சத்தத்தில் மாப்பிள்ளை காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். பிலோமினா அக்கா தன் குடிசையிலிருந்து ஒரு சட்டியில் சூடாகத் தண்ணீர் கொண்டுவந்து, அவர் கையை அசையவிடாமல் அதில் முக்கிப் பிடித்துக்கொண்டாள். "அனங்காதியும்! பிள்ள பெத்தவ நானே இவ்வளவு கூப்பாடு போடல்ல!" என்று அதட்டினாள். அருமனையில் யாரும் அவரை அப்படி அதட்டியதில்லை. அடங்கிவிட்டார்.

மாப்பிள்ளையின் மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்: "கல்யாணத்துக்கு அப்புறமும் பொண்ணுக்கு இந்த வேலை உண்டுமா?"

"முட்டை காலத்துல மட்டும்," என்றாள் கெளுத்தி.

அவர்கள் பஸ்ஸில் போவதாகச் சொல்லிப் போய்விட்டார்கள். கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு வள்ளத்தின் மேல், சட்டிக்குள் கையை விட்டபடி, அப்பா உட்கார்ந்திருந்தார். நான் பயத்தில் எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் கேட்டார்.

"என்னத்துக்குட்டி இந்த வேஷமெல்லாம்?"

அவள் ஒரு முட்டையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டுபோய்க் காட்டினாள். விழுங்கினது எது, விழுங்காதது எது என்று சொன்னாள். பேராசிரியர் எடுக்கச் சொன்ன வரியைச் சொன்னாள். அவர் முட்டையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"கெட்டதை மட்டும் தின்னுதா?"

"ஓ, அது மட்டும்தான்."

"நல்லதை?"

"பசிச்சுச் செத்தாலும் தொடாது அப்பா."

அவர் கடலைப் பார்த்தார். "வெளிச்சம் போகுததுக்கு முன்ன எண்ணித் தீரு. வண்டி நிக்கும்," என்றார். அவள் கட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு, "அந்தச் சேலை உனக்க அம்மைக்குக் கல்யாணச் சேலையாக்கும். அவகிட்ட நீயே செல்லிக்கோ," என்றார். அன்றைக்கு அவர் முகத்தில் பயம் மாதிரி ஒன்றைப் பார்த்தேன்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். வலையில் விழுங்கியது இல்லை என்று எப்படிச் சொல்கிறாய் என்று அவரும் அதையே கேட்டார். இவள் சீசாக்களை வரிசையாக மேஜைமேல் வைத்தாள். இரைப்பையில் கண்டது இடப்பக்கம், வாயில் கண்டது வலப்பக்கம். அவர் பார்த்தார். எங்கள் பேராசிரியரும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். கையெழுத்துப் போட்டார். அடுத்த ஆண்டு மாணவர்களிடம் அவர் கெளுத்திக் கதையைப் புதிதாகச் சொன்னாராம்: "பசியோடு இருக்கும், ஆனாலும் உயிர் இல்லாததை மட்டும்தான் விழுங்கும். தியாகம் மட்டுமல்ல, விவேகம்!" முன்னைவிட அதிகமாகக் கண்ணாடி துடைத்தாராம்.

பட்டம் வாங்கிய கையோடு அவளுக்கு மலபார்ப் பக்கம் ஒரு கல்லூரியில் வேலை கிடைத்தது. என் கரப்பான் இன்னும் முடியவில்லை. நான் விடுதியில் தங்கிவிட்டேன். சீசாக்கள், தகரம், கத்தரி எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு ஒரு காலையில் போய்விட்டாள். போகும்போது, "கரப்பானை ஒழுங்காப் பாரு," என்றாள், அவ்வளவுதான்.

வேலைக்காரி அறையைக் கழுவிவிட்டாள். ஜன்னலைத் திறந்து வைத்தாள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு முதல்தடவையாக வார்டன் அம்மா வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தார். மூச்சை இழுத்துவிட்டுப் பார்த்து, "இனி உனக்கு நிம்மதி," என்றார்.

ஆமாம் என்றுதான் சொன்னேன். அவர் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு, மெத்தை சுருட்டியிருந்த அவள் கட்டிலைப் பார்த்து, "ஏட்டி, வாயேன்," என்றேன்.